கோகோஸ் தீவில் சுறா முக்குளிப்பு

இக்கட்டுரை பசிபிக் பெருங்கடலில் உள்ள, கோஸ்ட்டா ரிக்கா நாட்டுக்கு உரிய கோகோஸ் தீவைப் பற்றியது. இந்தியப் பெருங்கடலில் உள்ள, ஆஸ்திரேலியாவுக்கு உரிய கோகோஸ் (கீலிங்) தீவுகள் இதிலிருந்து வேறானவை.

கோகோஸ் தீவில் சுறா முக்குளிப்பு என்பது, கோஸ்ட்டா ரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோகோஸ் தீவைச் சுற்றிய கடலில், ஸ்கூபா கருவிகளின் துணையுடன் சுறாக்களையும் திருக்கைகளையும் பிற பெரிய கடல் விலங்குகளையும் அவற்றின் வாழிடத்திலேயே காணும் செயற்பாடு ஆகும். இங்கு இரையிட்டுச் சுறாக்களை வரவழைப்பதோ, கூண்டுக்குள் இருந்து பார்ப்பதோ வழக்கம் அன்று. தீவைச் சுற்றிய பாறைகளுக்குச் சுறாக்கள் தாமாகவே வருகின்றன. முக்குளிப்போர் அப்பாறைகளின் அருகில் காத்திருந்து காண்கின்றனர்.

சுத்தியல் தலைச் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக நீந்தும் காட்சிக்காக இத்தீவு உலகப் புகழ் பெற்றது. இங்கு முக்குளிப்பு வழிகாட்டிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவைத்த குறிப்பேடுகள், பாதுகாக்கப்பட்ட இக்கடலிலும் பல சுறா இனங்கள் குறைந்து வருவதை வெளிப்படுத்தின. இதனால் இம்முக்குளிப்பு சுற்றுலாவாக மட்டுமன்றி, கடற்பாதுகாப்பு வரலாற்றின் ஒரு பகுதியாகவும் கருதத்தக்கது.

அமைவிடமும் இயற்கையும்

கோகோஸ் தீவு ஏறத்தாழ 24 சதுர கிலோமீட்டர் பரப்புடைய எரிமலைத் தீவு ஆகும். கடலடியில் நீண்டு கிடக்கும் கோகோஸ் மலைத்தொடரில் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் பகுதி இது ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவை மழைக்காடு மூடியுள்ளது. செங்குத்தான பாறைகளிலிருந்து அருவிகள் நேரே கடலில் விழுகின்றன. தேசியப் பூங்காவின் காவலர்களும் அவர்களுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்களும் தவிர இங்கு குடியிருப்போர் இல்லை.

1978 ஆம் ஆண்டில் இத்தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. 2002 ஆம் ஆண்டில் கடற்பகுதியை உள்ளடக்கி அக்களம் விரிவாக்கப்பட்டது.

ஆழ்கடலின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் இத்தகைய தீவுகள் கடல் நீரோட்டங்களைத் தடுத்துத் திருப்புகின்றன. அப்போது ஆழத்தில் உள்ள குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. அதனால் மிதவையுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தேடிப் பாரை, சூரை போன்ற மீன்களும், அவற்றைத் தொடர்ந்து சுறாக்களும் வருகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவில் வேறு நிலம் இல்லாமையால், பரந்த கடலில் சிதறி வாழும் விலங்குகள் இச்சிறு இடத்தில் ஒன்றுசேர்கின்றன.

காணப்படும் விலங்குகள்

சுத்தியல் தலைச் சுறா: தமிழகக் கடற்கரையில் கொம்பன் சுறா என்று அழைக்கப்படும் சுறா வகையைச் சேர்ந்தது. தலை இருபுறமும் அகன்று, ஓரங்களில் கண்களைக் கொண்டிருக்கும். அகன்ற தலையின் அடிப்புறத்தில் பரவியுள்ள நுண்ணிய உணர் உறுப்புகள், இரையின் உடலில் தோன்றும் மிகச் சிறிய மின்புலத்தையும் அறியவல்லவை. பகலில் பாறைகளை ஒட்டிக் கூட்டமாகச் சுற்றும் இவை, இரவில் தனித்தனியாக ஆழ்கடலுக்குச் சென்று கணவாய்களையும் மீன்களையும் வேட்டையாடுகின்றன.

வெண்முனைத் திட்டுச் சுறா: துடுப்புகளின் முனையில் வெண்ணிறம் கொண்ட சிறிய சுறா. பகலில் கடலடியில் அசையாது படுத்திருக்கும். இரவில் கூட்டமாகப் பாறை இடுக்குகளில் மீன்களைத் தேடும். மனுவெலித்தா என்னும் சிறுதீவை அடுத்து நடைபெறும் இரவு முக்குளிப்பில், முக்குளிப்போரின் விளக்கொளியைப் பயன்படுத்தியே இவை வேட்டையாடுவதைக் காணலாம்.

புலிச்சுறா: உடலில் வரிகள் கொண்ட பெரிய சுறா. ஆமைகள் உட்படப் பலவகை விலங்குகளை உண்ணும். 2007 ஆம் ஆண்டுக்குப் பிறகே இது இங்கு தொடர்ந்து காணப்படுகிறது.

திமிங்கலச் சுறா: மீன்களுள் மிகப் பெரியது, 12 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. மிதவையுயிர்களை வடித்து உண்பதால் மனிதருக்குத் தீங்கற்றது.

இவை தவிரக் கலாபகஸ் சுறா, கருமுனைச் சுறா, பட்டுச் சுறா, ஆனைத் திருக்கை, பளிங்குத் திருக்கை, கழுகுத் திருக்கை, பேராமை, அழுங்காமை, ஓங்கில், அஞ்சாளை ஆகியவையும் காணப்படுகின்றன. உதடுகள் செந்நிறமாக உள்ளதும், துடுப்புகளை ஊன்றிக் கடலடியில் நடப்பது போல் நகர்வதுமான வௌவால் மீன் வகையொன்று இத்தீவின் ஆழ்நீரில் வாழ்கிறது.

துப்புரவு நிலையங்கள்

வேட்டையாடும் விலங்காகிய சுத்தியல் தலைச் சுறா, பகலில் பாறைகளை நாடி வருவதற்கு உணவு காரணம் அன்று. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் நிறச் சிறுமீன்களும், தேவதை மீன் வகையொன்றும் குறிப்பிட்ட சில பாறைகளில் கூடி வாழ்கின்றன. சுறா அவ்விடத்தை அடைந்ததும் வேகத்தைக் குறைத்து மெல்ல நீந்தும். சிறுமீன்கள் அதன் தோலிலும் செவுள்களிலும் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். சுறா தூய்மை பெறுகிறது. மீன்கள் உணவு பெறுகின்றன. இவ்விடங்கள் துப்புரவு நிலையங்கள் எனப்படுகின்றன.

சுறாவை அருகில் காண முக்குளிப்போர் தேர்ந்தெடுப்பவையும் இந்நிலையங்களே. இவற்றின் நடுவே முக்குளிப்போர் புகுந்தால் சுறா விலகிச் சென்றுவிடும். மீண்டும் வர நேரம் ஆகும். எனவே நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில், பாறையோடு ஒட்டி அசையாது இருக்குமாறு வழிகாட்டிகள் அறிவுறுத்துகின்றனர்.

முக்குளிக்கும் முறை

தீவில் விடுதிகளோ விமான நிலையமோ இல்லை. சுற்றுலாப் பயணிகள் இரவில் தீவில் தங்குவதற்கும் இசைவு இல்லை. கோஸ்ட்டா ரிக்காவின் புந்தாரெனாஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் தங்கும் வசதியுள்ள கப்பல்களில் ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம் செய்து தீவை அடைய வேண்டும். கப்பல்கள் சாத்தம் விரிகுடா, வேஃபர் விரிகுடா ஆகிய இடங்களில் நிற்கின்றன. அங்கிருந்து சிறு விசைப்படகுகளில் முக்குளிக்கும் இடங்களுக்குச் செல்வர்.

முதன்மையான இடங்களுள் சில வருமாறு:

அல்சியோன் குன்று: நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் கீழே உச்சியைக் கொண்ட கடலடிக் குன்று. பிரெஞ்சு கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் ஆய்வுக் கப்பலின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

அழுக்குப் பாறை: கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்த பாறை. சுத்தியல் தலைச் சுறாக் கூட்டங்களுக்குப் பெயர் பெற்றது.

மனுவெலித்தா: சாத்தம் விரிகுடாவை அடுத்த சிறுதீவு. ஒருபுறம் ஆழம் குறைந்த பவளத் திட்டும், மறுபுறம் செங்குத்தான சரிவும் உள்ளன.

இரு நண்பர்கள்: தென்மேற்கில் உள்ள இரு பாறைத்தீவுகள். இவற்றுள் பெரியதன் அடியில் நீருள் அமைந்த இயற்கை வளைவு ஒன்று உள்ளது.

ஸ்கூபா முக்குளிப்பில், முதுகில் சுமக்கும் உருளையில் உயரழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று, சீராக்கி என்னும் கருவியின் வழியாகச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கப்பட்டு வாய்க்கு வருகிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. ஆகவே அங்கு காற்றும் நான்கு மடங்கு விரைவாகத் தீரும்.

சுறாக்கள் பெரும்பாலும் 25 முதல் 35 மீட்டர் ஆழத்திலேயே கூடுகின்றன. இவ்வாழத்தில் நெடுநேரம் இருந்தால் காற்றில் உள்ள நைட்ரசன் உடலில் மிகுதியாகக் கரையும். விரைந்து மேலெழும்போது அது குமிழ்களாக வெளிப்பட்டு அழுத்தநீக்க நோயை உண்டாக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர் 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களே பாதுகாப்பாகத் தங்க இயலும். இதனால் ஆக்சிசன் அளவு 32 விழுக்காடு வரை கூட்டப்பட்ட நைட்ராக்ஸ் என்னும் வளிக்கலவை பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. நைட்ரசன் குறைவதால் தங்கும் நேரம் கூடுகிறது. ஆனால் ஆக்சிசன் மிகுந்த அழுத்தத்தில் நச்சாகும் என்பதால், இக்கலவையுடன் ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழே செல்லுதல் கூடாது.

சுத்தியல் தலைச் சுறா கூச்ச இயல்புடையது. முக்குளிப்போர் வெளிவிடும் குமிழ்களின் ஓசை அதனை விலகச் செய்கிறது. மூச்சை அடக்கி இருப்பதும் தீர்வாகாது; மூச்சை அடக்கியபடி சற்றே மேலெழுந்தாலும் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனைச் சிதைத்துவிடும். ஆகவே மெதுவாகச் சீராகச் சுவாசித்தலே முறையாகும். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டைஆக்சைடை நீக்கி, ஆக்சிசன் சேர்த்து, அதையே மீண்டும் சுவாசிக்கத் தரும் மூடிய சுழற்சிக் கருவிகள் குமிழ் விடுவதில்லை. படப்பிடிப்பாளர் பலர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

பருவங்கள்

சூன் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலமே சுத்தியல் தலைச் சுறாக் கூட்டங்களைக் காண ஏற்ற காலமாகக் கருதப்படுகிறது. இக்காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். நீரின் தெளிவும் குறையும். டிசம்பர் முதல் மே வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும்.

மேல்மட்ட வெதுநீருக்கும் அடியிலுள்ள குளிர்நீருக்கும் இடையே வெப்பநிலை திடீரென மாறும் எல்லை ஒன்று உண்டு. சுத்தியல் தலைச் சுறாக்கள் இவ்வெல்லைக்குக் கீழுள்ள குளிர்நீரை விரும்புகின்றன. எல் நினோ ஆண்டுகளில் வெதுநீர்ப் படலம் தடிப்பதால் அவை முக்குளிப்போர் செல்ல இயலாத ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. பசிபிக் பெருங்கடல் வெப்பமடைவது இம்முக்குளிப்பின் எதிர்காலத்தைப் பாதிக்கும் என்பதற்கு இது ஒரு முன்னறிகுறியாகும்.

இடர்களும் பாதுகாப்பும்

பொதுவாக எண்ணப்படுவதற்கு மாறாக, இங்கு முக்குளிப்போருக்கு முதன்மையான இடர் சுறா அன்று, நீரோட்டமே ஆகும். வலிய நீரோட்டம் முக்குளிப்போரைப் பாறையிலிருந்து பிரித்துத் திறந்த கடலுக்கு இழுத்துச் செல்லக்கூடும். இதனால் ஒவ்வொருவரும் நீர்மட்டத்தில் உயர்ந்து நிற்கும் வண்ணக் காற்றுக்குழல், ஊதல், விளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்வது இன்றியமையாதது. மேலெழும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் நின்று, உடலில் கரைந்த நைட்ரசன் வெளியேற இடம் தருவர்.

அழுத்தநீக்க நோய்க்கு மருத்துவம் செய்யும் மீளழுத்த அறைகள் தலைநிலத்திலேயே உள்ளன. ஒன்றரை நாள் கடற்பயணத் தொலைவைக் கருத்தில் கொண்டு, இங்கு முக்குளிப்போர் தம் அளவுகளைக் குறைத்தே வகுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கநிலையினருக்கு இவ்விடம் ஏற்றதன்று.

சுறாவால் ஏற்படும் தீங்கு மிக அரிது. ஆயினும் இல்லாமல் இல்லை. 2017 நவம்பரில் மனுவெலித்தா அருகே முக்குளித்து மேலெழுந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணி ஒருவரைப் புலிச்சுறா தாக்கியது. அவர் உயிரிழந்தார், உடன் சென்ற வழிகாட்டி காயமடைந்தார். முக்குளிப்போர் நடுநீரிலும் நீர்மட்டத்திலும் இருக்கும் நேரமே புலிச்சுறாவைப் பொறுத்தவரை கவனம் மிகத் தேவைப்படும் நேரம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

வரலாறு

பல நூற்றாண்டுகளாகக் கடற்கொள்ளையரும் திமிங்கல வேட்டையாடிகளும் நன்னீர் பெறும் இடமாகவே இத்தீவை அறிந்திருந்தனர். இங்கு புதையல் மறைக்கப்பட்டுள்ளது என்ற நம்பிக்கையால் பலர் தேடி வந்தனர். அவர்களுள் செருமானியரான ஆகுஸ்ட் கிஸ்லர் 1889 முதல் 1908 வரை இங்கு வாழ்ந்து தேடியும் பெரும் புதையல் எதனையும் கண்டாரல்லர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் முக்குளிப்புக் கப்பல்கள் தொடர்ந்து வரத் தொடங்கின. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோவார்ட் ஹாலின் பெருந்திரை ஆவணப்படமும், 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த ராப் ஸ்டூவர்ட்டின் ஆவணப்படமும் இத்தீவின் சுறாக்களை உலகுக்கு அறிமுகப்படுத்தின. பின்னது சுறாத் துடுப்பு வணிகத்தின் கொடுமையையும் காட்டியது.

குறிப்பேடுகள் காட்டிய குறைவு

தீவின் முக்குளிப்பு வழிகாட்டிகள் ஒவ்வொரு முறை முக்குளித்த பின்பும், கண்ட சுறாக்கள், திருக்கைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும், நீரின் தெளிவு, வெப்பநிலை, நீரோட்டம் ஆகியவற்றையும் எழுதிவைத்தனர். 1993 முதல் 2013 வரை 27,000 க்கும் மேற்பட்ட முக்குளிப்புகளின் பதிவுகள் இவ்வாறு சேர்ந்தன. ஈஸ்ட்டன் வைட், ஜூலியா பாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவற்றைப் பகுத்தாய்ந்து 2015 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆராயப்பட்ட 12 இனங்களுள் 8 இனங்கள் குறைந்திருந்தன. சுத்தியல் தலைச் சுறா 45 விழுக்காடும், வெண்முனைத் திட்டுச் சுறா 77 விழுக்காடும் குறைந்திருந்தன. புலிச்சுறா, கலாபகஸ் சுறா, கருமுனைச் சுறா, திமிங்கலச் சுறா ஆகியவை மட்டும் அடிக்கடி காணப்படலாயின. உலகின் பழமையான கடற்காப்பகங்களுள் ஒன்றில் இக்குறைவு காணப்பட்டதே இம்முடிவின் முதன்மையாகும்.

இதற்கான விளக்கம் சுறாக்களின் நடமாட்டத்தில் உள்ளது. 2001 முதல் தீவைச் சுற்றி 12 கடல் மைல் (ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) வரை மீன்பிடிக்கத் தடை இருந்தது. அவ்வெல்லைக்கு வெளியே கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டில்களை இட்டன. பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்களைத் தொங்கவிடும் இம்முறையில், சூரைக்காக இட்ட முட்களில் சுறாக்களும் சிக்குகின்றன. எல்லைக்குள்ளும் களவாக மீன்பிடித்தல் நடைபெற்றது. பகலில் பாறையருகே பாதுகாப்பாகச் சுற்றும் சுறா இரவில் இரைதேடி வெளியே செல்கிறது. மேலும், குறியிடப்பட்ட சுத்தியல் தலைச் சுறாக்கள் கொலம்பியாவின் மால்பெலோ, ஈக்வடாரின் கலாபகஸ், கோகோஸ் ஆகிய தீவுகளுக்கிடையே செல்வது அறியப்பட்டுள்ளது. பெண் சுறாக்கள் குட்டி ஈனுவதற்குத் தலைநிலத்தின் கரையோரக் கழிமுகங்களை நாடுகின்றன. அவை முதிர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆவதால், பிடிபட்டவற்றின் இடத்தை நிரப்புதலும் மெதுவாகவே நடைபெறுகிறது.

மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவில் உள்ள எஸ்பிரித்து சாந்தோ குன்றில் பீட்டர் கிளிம்லி 1980களில் இத்தகைய பெருங்கூட்டங்களை ஆராய்ந்தார். சுறாக்கள் இரவில் சென்று விடியலில் அதே குன்றுக்குத் திரும்புவதையும், கடலடியின் காந்தப்புல வேறுபாடுகளை வழிகாட்டியாகக் கொள்வதையும் அவர் எடுத்துரைத்தார். மீன்பிடித்தலால் அக்கூட்டங்கள் பிற்காலத்தில் பெரிதும் மறைந்துவிட்டன. இதனால் கோகோஸ் தீவின் கூட்டங்கள் மேலும் சிறப்புப் பெறுகின்றன.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

2004: கோஸ்ட்டா ரிக்கா, பனாமா, கொலம்பியா, ஈக்வடார் ஆகிய நான்கு நாடுகளும் தம் தீவுகளை இணைக்கும் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக் கடல்வழிக் காப்பகத் திட்டத்தைத் தொடங்கின.

2013: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் (சைட்டீஸ்) இரண்டாம் பட்டியலில் சுத்தியல் தலைச் சுறா சேர்க்கப்பட்டது. இதன்படி அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்படுகிறது.

2018: சுறாக் குட்டிகள் வளரும் இடமாகிய கோஸ்ட்டா ரிக்காவின் துல்சே வளைகுடாப் பகுதி சுத்தியல் தலைச் சுறாக்களுக்கான புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

2019: பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை மிக அருகிய இனமாக வகைப்படுத்தி வெளியிட்டது.

2021: டிசம்பரில் கோகோஸ் தீவுத் தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 54,844 சதுர கிலோமீட்டராக, அதாவது 27 மடங்காக விரிவாக்கப்பட்டது.

2022: கலாபகஸ் தீவுகளிலிருந்து கோஸ்ட்டா ரிக்காவின் கடல் எல்லையை நோக்கி 60,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் எர்மண்டாட் கடற்காப்பகத்தை ஈக்வடார் அமைத்தது. எர்மண்டாட் என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு உடன்பிறப்புணர்வு என்பது பொருள்.

2023: சுத்தியல் தலைச் சுறாக்களைப் பிடிப்பதற்குக் கோஸ்ட்டா ரிக்கா தடை விதித்தது.

பரந்த கடலைக் கண்காணிப்பதற்கு வேண்டிய படகுகள், எரிபொருள், பணியாளர் ஆகியவற்றைப் பொறுத்தே இவ்வறிவிப்புகளின் பயன் அமையும்.

முக்குளிப்பின் பயனும் குறையும்

ஒரு சுறாவைப் பிடித்து விற்றால் ஒருமுறையே வருவாய் கிடைக்கும்; உயிருடன் இருக்கும் சுறாவைக் காண ஆண்டுதோறும் பயணிகள் வருவர் என்பது முக்குளிப்புச் சுற்றுலாவை ஆதரிப்போரின் வாதம். பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் பூங்காவுக்கு வருவாயாகிறது. காவலர் இல்லாத இடங்களிலும் முக்குளிப்புக் கப்பல்கள் இருப்பதால், களவாக மீன்பிடிப்போர் கண்ணில் படுகின்றனர். வழிகாட்டிகளின் குறிப்பேடுகள் இல்லாதிருந்தால் மேற்கூறிய குறைவும் அறியப்பட்டிராது.

மறுபுறம், தொலைதூரக் கப்பல் பயணம் எரிபொருளை மிகுதியாகச் செலவிடுகிறது. இரவு முக்குளிப்பின் விளக்கொளி வெண்முனைத் திட்டுச் சுறாக்களின் வேட்டை முறையை மாற்றுகிறது. இப்பயணத்தின் உயர்ந்த செலவால் பெரும்பாலும் வசதி படைத்த வெளிநாட்டவரே இதில் பங்கேற்கின்றனர். மீன்பிடித்தலைக் கைவிடும் கரையோர மக்களுக்கு இவ்வருவாய் எவ்வாறு சென்றடையும் என்பது இத்தகைய காப்பகங்கள் அனைத்துக்கும் பொதுவான கேள்வி ஆகும்.

ஒப்பிடத்தக்க பிற தீவுகள்

மால்பெலோ (கொலம்பியா): 2006 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமானது. சுத்தியல் தலைச் சுறாக்களுக்கும் பட்டுச் சுறாக்களுக்கும் பெயர் பெற்றது.

டார்வின், ஊல்ஃப் தீவுகள் (ஈக்வடார்): கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் உள்ளவை. கருவுற்ற பெரிய திமிங்கலச் சுறாக்கள் வந்துசெல்லும் இடம். இங்கிருந்த டார்வின் வளைவு என்னும் இயற்கைப் பாறை வளைவு 2021 மே மாதத்தில் இடிந்து விழுந்தது.

ரெவியாகிகேதோ தீவுகள் (மெக்சிக்கோ): 2016 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாகவும், 2017 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆனது. முக்குளிப்போரை நெருங்கிவரும் ஆனைத் திருக்கைகளுக்குப் பெயர் பெற்றது.

இவற்றையும் பார்க்க

சுத்தியல் தலைச் சுறா
திமிங்கலச் சுறா
ஸ்கூபா முக்குளிப்பு
அழுத்தநீக்க நோய்
எல் நினோ
கலாபகஸ் தீவுகள்